ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

ஜீவனஹள்ளியில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் பட்டறை. பெங்களூரின் காக்ஸ் டவுனை அடுத்த இந்தப் பகுதியில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறார். நிறுத்திய சிறிது நேரத்தில் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு வட்டம்.

"ரெண்டு தடவை செயின் கேஸ் ரப்பர் மாத்தியாச்சு, தம்பி. இப்ப இன்ஜினையே இறக்கணுங்கறாங்க. பையன் வித்துடுங்கறான்."

மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பார்க்கிறார். "செயின் கேஸ் இல்ல சார். இது இன்ஜின் ஆயில்."

முகர்ந்து பார்த்ததில் காரணம் உண்டு. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955இல் கைகோத்த பிறகு திருவொற்றியூரில் உருவான வண்டி புல்லட். அதன் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் மாடலில் இன்ஜின், கிளட்ச் இருக்கும் செயின் கேஸ், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். கியர்பாக்ஸில் இருப்பது கெட்டியானது. செயின் கேஸ் எண்ணெய் அவ்வளவாகக் கறுக்காது. இன்ஜின் எண்ணெய் மட்டுமே கரியேறிக் கறுத்திருக்கும். 2008க்குப் பிறகு வந்த ஒருங்கிணைந்த இன்ஜினில் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். அங்கே இந்த நிற சோதிடம் பலிக்காது.

ஆனால் கறுப்பு எண்ணெய் செயின் கேஸுக்கு அடியில் ஏன் சொட்ட வேண்டும்? எண்ணெய் கசிந்த இடத்திலேயே நிற்பதில்லை. நிற்கும்போது கீழே வழிகிறது. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே கடைசியாகச் சொட்டும் இடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. ஈரத்தின் உச்சியையும் முன்பக்கத்தையும் தேட வேண்டும். எண்ணெயும் புழுதியும் அப்பிய இன்ஜினில் அது தெரியவே தெரியாது.

முதல் வேலை குளிப்பாட்டல். மண்ணெண்ணெய், பிரஷ், சோப்புத் தண்ணீர், பிறகு நன்றாக உலர்த்தல். அடுத்தது, குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடர். இணைப்புகள் எல்லாவற்றின் மேலும் அதை மெல்லத் தூவி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிடுகிறார். சிலிண்டர் கிராங்க் கேஸோடு சேரும் இடத்தில், வெள்ளைப் பவுடருக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு இறங்குகிறது. நேராகச் செயின் கேஸின் மேல். ரப்பர் பாவம், இரண்டு முறை வீண்பழி சுமந்திருக்கிறது.

கேஸ்கட்டை மாற்றினால் முடிந்ததா? இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அடியில் உள்ள காற்றை அமுக்குகிறது. அந்தக் காற்று வெளியேறத்தான் பிரீதர் குழாய். அதன் முனையில் வாத்தின் அலகுபோல இரண்டு உதடுகள் கொண்ட ரப்பர் வால்வு: காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. இந்த வண்டியில் அந்த உதடுகள் விறைத்து ஒட்டிப்போயிருந்தன. வழி அடைபட்ட காற்று பலவீனமான இணைப்பைத் தேடிப் பிடித்து எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வெளியேறியது. புதுக் கேஸ்கட் போட்டிருந்தாலும் சில நாள்தான் தாங்கியிருக்கும்.

இன்னொரு கேள்வி மிச்சம். "ஆயில் எப்ப சார் ஊத்துவீங்க?"

"ஞாயித்துக்கிழமை தோறும் பார்ப்பேன். குறைஞ்சிருந்தா ஊத்துவேன்."

"வண்டி ஓட்டிட்டா, ஓட்டாமலா?"

ஓட்டாமல்தான். பழைய புல்லட் நாள்கணக்கில் நின்றால், தொட்டியில் உள்ள எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அளவுக் குச்சி குறைவாகக் காட்டும். எண்ணெய் எங்கும் போயிருக்காது. அதற்கு மேல் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் மொத்தமும் திரும்பி வந்து மிகுதியாகிவிடும். சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பார்ப்பதே சரியான அளவு. பெரியவரின் அக்கறையும் கசிவுக்கு ஒரு காரணம் என்பதை மெக்கானிக் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறார்.

இது புல்லட்டுக்கு மட்டுமான கதை அல்ல. கனடாவில் வாசல் பனியை வாரி வீசும் எந்திரத்திலும் இருப்பது இதே வகைச் சிறு இன்ஜின்தான். அங்கே கடுங்குளிரில் பிரீதர் குழாய்க்குள் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால், அழுத்தம் தாங்காமல் கிராங்க் ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும். குளிர்விக்கும் விசிறி எண்ணெயை எங்கும் இறைத்துவிடுவதால், துடைத்துப் பார்க்காதவருக்கு எல்லா இணைப்பும் குற்றவாளியாகவே தெரியும். இங்கே கடை வாசல் ஜெனரேட்டருக்கும் அதே விதி.

கசிவை அலட்சியப்படுத்தவும் முடியாது. எண்ணெய் தீர்ந்தால் பிஸ்டன் இறுகிவிடும். பின்சக்கரத்தில் பட்டால், மழை நாளில் வளைவில் ஆளே விழுவார். ஆனால் அவசரப்பட்டு போல்ட்டுகளை இறுக்குவதும் ஆபத்து: மூடி வளையும், அலுமினிய மரை அழியும், சிறு கசிவு பெருங்கசிவாகும்.

பெரியவரின் வண்டிக்கு இன்ஜின் இறக்கம் தேவைப்படவில்லை. புது ரப்பர் வால்வு, சிலிண்டரைத் தூக்கி ஒரு கேஸ்கட், மிகுதி எண்ணெய் வடிப்பு, அவ்வளவுதான். பட்டறையில் இரவு முழுக்க வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. காலையில் அதில் இரண்டே சொட்டு.

பெரியவர் முகம் வாடுகிறது. மெக்கானிக் குனிந்து தொட்டுப் பார்க்கிறார். கெட்டியாக இருக்கிறது.

"இது கியர்பாக்ஸ் சார். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."