இரவல் திண்ணை

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலைக்குத் துன் சம்பந்தன் சாலை என்பது பெயர். பூக்கடைகளின் மணமும் பலகாரக் கடைகளின் ஆவியும் கலந்து வீசும் மாலை வேளையில் அச்சாலையில் நடந்து செல்லும் தமிழ் மாணவன் ஒருவனை நிறுத்தி, அப்பெயருக்குரியவர் யார் என வினவினால், ம.இ.கா.வின் தலைவராகவும் நாட்டின் அமைச்சராகவும் விளங்கியவர் என்ற விடை வரக்கூடும். அவர் 1960ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரைத் திரட்டித் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்த்துச் சொல்லும் மாணவர் சிலரே. சாலையின் பெயர் நிலைத்துவிட்டது; அப்பெயருக்குக் காரணமான செயல் நினைவிலிருந்து நழுவுகிறது. இணையத்தில் தமிழர் எந்த மனையில் குடியிருப்பது என்னும் இன்றைய வழக்கிற்கு முதற்சான்றாக வைக்கத் தக்கது அச்செயலேயாகும்.

வழக்கு யாது? கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள தமிழ் அமைப்புகள் பெரும்பாலனவும் தம் பொதுவாழ்வை முகநூலிலும் புலனக் குழுக்களிலும் நடத்தி வருகின்றன. நூல் வெளியீட்டு அழைப்பு, கவியரங்கத் தலைப்பு, தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழா, மறைந்த எழுத்தாளருக்கான இரங்கலுரை, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முந்திய வாரத்தின் கூட்டம் ஆகிய யாவும் அங்கேயே எழுதப்பெறுகின்றன, அங்கேயே படிக்கப்பெறுகின்றன. வேறோர் இடத்தில் படி எடுத்து வைப்பார் அரியர். அயல்நாட்டு வணிக நிறுவனம் ஒன்று தன் வீட்டுத் திண்ணையை இலவசமாக விட்டிருக்கிறது. வந்தவர் அமர்ந்து பேசுகின்றனர், பேச்சு இனிக்கிறது. நாளடைவில் பெட்டி படுக்கைகளையும் குடும்ப ஆவணங்களையும் கொண்டுவந்து திண்ணையிலேயே அடுக்கிவிடுகின்றனர். வீட்டுக்காரர் கதவை அடைக்கும் நாளில் அவற்றை எங்கே கொண்டு செல்வது என்று கேட்பார் இல்லை.

கதவு அடைபடாது என எண்ணுவோர் அண்மை வரலாற்றை மறந்தவராவர். தொடக்க கால இணையத்தில் எளியோர் தம் முகப்புப் பக்கங்களைக் கட்டிய ஜியோசிட்டீசை 1999இல் யாகூ நிறுவனம் விலைக்கு வாங்கியது, 2009இல் மூடியது. கூகுளின் ஆர்குட் 2014இல் மறைந்தது. அந்நிறுவனமே ஆரவாரத்தோடு தொடங்கிய கூகுள் பிளஸ் 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசைப்பதிவுகள் அழிந்துபோயின என்பதை 2019இல்தான் உலகம் அறிந்தது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பெற்றன. தமிழன்பர்கள் பல்லாண்டுகள் நிகழ்த்திய சொல்லாராய்ச்சியும் வழக்காடல்களும் அவற்றில் இருந்தன. இவற்றுள் எதனையும் அரசு தடை செய்யவில்லை, பகைவர் எரிக்கவில்லை. இலாபக் கணக்கில் ஒரு வரி சரிந்தது, அவ்வளவே. டுவிட்டரின் கதை சற்று வேறு. 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலர் விலைக்கு அது கைம்மாறியது. புதிய உடைமையாளர் பெயரை மாற்றினார், விதிகளை மாற்றினார், அதன் தரவுகளைக் கொண்டு சிறு கருவிகள் ஆக்கியோர்க்கு 2023இல் இலவச வழியையும் அடைத்தார். அங்கே ஆண்டுக்கணக்கில் எழுதியோர் எவரிடமும் ஒரு சொல் கேட்கப்படவில்லை. குடியிருந்தோர் வாடகையாளர் கூட அல்லர் என்பது அன்று புலனாயிற்று. வாடகையாளருக்கேனும் முன்னறிவிப்புத் தரும் வழக்கம் உண்டு.

இந்நிலையில் மையமில்லாத் தளங்களே மாற்று என்று கூறுவார் உளர். அவற்றுள் பெயர்பெற்றது மாஸ்டடான். செருமனியில் வாழும் யூஜென் ரோச்கோ என்பவர் 2016இல் வெளியிட்டது. அதன் அமைப்பு அஞ்சலகத்தை ஒத்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே களஞ்சியத்தில் யாவரும் எழுதுவதற்கு மாறாக, ஊர்தோறும் சிறு வழங்கிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு மனிதரோ சங்கமோ நடத்துவர். கிள்ளான் வழங்கியில் எழுதியதைப் பினாங்கு வழங்கியில் உள்ளவர் படிக்கவும் மறுமொழி கூறவும் இயலும். இதற்கு வேண்டிய பொது நெறியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018இல் ஏற்றுக்கொண்டது. ஆக்டிவிட்டி பப் என்பது அந்நெறியின் பெயர். டுவிட்டர் கைம்மாறியபொழுது ஏறத்தாழ 3 இலட்சமாக இருந்த மாஸ்டடானின் மாதப் பயனர் தொகை, இரு திங்களுக்குள் 25 இலட்சமாகப் பெருகியது. ஆர்வலர் அன்று விடுதலை விழா கொண்டாடினர். அடுத்து வந்த ஆண்டுகளில் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது.

இறங்கியதைச் சுட்டிக்காட்டி, 'இது நிலைக்காது' என முடிவு கட்டுவோர் உளர். தொகை குறைந்தது பெருங்கேடன்று. வந்தவர் அனைவரும் தங்கும் ஊர் உலகில் இல்லை. உண்மையான கேடு பிறிதோரிடத்தில் உள்ளது. ஆர்வலர் அதனைப் பேச விரும்புவதில்லை. மாஸ்டடான் டெக்னாலஜி என்ற வழங்கியை நடத்தியவர் தம் வாழ்வில் நேரமின்மையால் 2022இல் அதனை மூடுவதாக அறிவித்தார். பன்னீராயிரம் பேரளவில் கணக்கு வைத்திருந்த மாஸ்டடான் லால் என்ற வழங்கியை, பூசல்களாலும் வசைமொழிகளாலும் மனம் சலித்த அதன் நிறுவுநர் 2023இல் மூடினார். இருவரும் நல்லவர்களே; ஊதியமின்றி உழைத்தவர்களே. ஆயினும் ஒருவர் களைத்தால் ஓர் ஊரே கலைகிறது. இன்னொன்றும் உண்டு. வழங்கி மூடும் முன் குடிபெயர்வோர், தம்மைப் பின்தொடர்வோரைப் புதிய இடத்திற்கு அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் உடன்செல்வதில்லை. உறவினரை அழைத்துக்கொண்டு, பாட்டனாரின் ஏடுகளை விட்டுச் செல்லும் குடிபெயர்ச்சி அது. எழுத்தாளர்க்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறுண்டோ?

ஆகவே முதலாளியின் உடைமையிலிருந்து ஒரு தனிமனிதனின் உடைமைக்கு மாறுவதனால் மட்டும் நிலைபேறு வந்துவிடாது. முன்னவனுக்கு இலாப ஆசை, பின்னவனுக்கு நல்லெண்ணம். இரண்டும் தீர்ந்துபோகக் கூடியவை. ஆள் மாறினாலும் கலையாத உடைமை முறை எது என்று வினவும்பொழுதுதான் 1960ஆம் ஆண்டு முன்வந்து நிற்கிறது.

1957இல் விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னும் பின்னுமாக வெள்ளைக்காரத் துரைமார் இரப்பர் தோட்டங்களை விற்றுக்கொண்டு புறப்பட்டனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக அரிந்து சிறு முதலாளிகளுக்கு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அக்காலத் தொழிலாளர் அஞ்சிய சொல் அதுவே. அதன் விளைவுகளைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து தனிநூலாகவே எழுத வேண்டியிருந்தது. துண்டாடப்பட்ட தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளிக்கு வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு போகும், பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளி போகும், மாரியம்மன் கோயில் போகும். இரண்டு தலைமுறையாக நட்டு வளர்த்தவை எல்லாம் பிறன் மண்ணில் இருந்தமையால், பத்திரம் கைமாறிய நாளில் அவையும் கைமாறின. முகநூல் பக்கத்தை இழக்கும் சங்கத்தின் நிலையைப் பசியும் வீடின்மையும் வந்த அந்நிலையோடு ஒப்பிடுதல் மிகை என்பார் இருப்பின், அவர் கூற்றில் நியாயம் உண்டு. இழப்பின் அளவு வேறு. இழக்க நேர்ந்த காரணம் ஒன்று.

தீர்வாக வந்தது வீரவுரை அன்று. ஆளுக்குப் பத்து வெள்ளி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைப் பங்குதாரர் ஆக்கினார். நாட்கூலி பெறுவோர் தோட்டத்தை விலைக்கு வாங்குவதாவது என்று நகைக்கத்தக்க காலத்தில், சிறுதொகைகள் திரண்டு கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கத்தின் உடைமையாக்கின. பின்னர்ப் பல தோட்டங்கள் சேர்ந்தன. துண்டாடலை அது முற்றாகத் தடுத்துவிடவில்லை. தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. வாங்கியதை மட்டும் காத்தது. 1979இல் சம்பந்தன் மறைந்தார், சங்கம் மறையவில்லை. இன்றும் இயங்குகிறது. ஏன் மறையவில்லை? உறுப்பினர் பதிவேடு இருந்தது. பேராளர் கூட்டம் இருந்தது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு இருந்தது. ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தால் அடுத்தவர் எவ்வாறு அமர்வது என்பதற்கு எழுதப்பட்ட விதி இருந்தது. சலிப்பூட்டும் செய்திகள்தாம்! புரட்சிப் பாடல் புனைவோர் இவற்றைப் பாடுவதில்லை.

இணைய உலகிலும் இச்சலிப்பூட்டும் வழியைக் கைக்கொண்டோர் இல்லாமல் இல்லை. 2017இல் தொடங்கிய சோசியல் கூப் என்னும் மாஸ்டடான் வழங்கி கூட்டுறவு முறையில் நடப்பது. உறுப்பினர் இயன்ற சந்தா செலுத்துகின்றனர். எவரை ஏற்பது, எவ்வகைப் பேச்சை நீக்குவது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்பவற்றை வாக்கெடுத்து முடிவு செய்கின்றனர். தனிமனிதர் நடத்திய பெரிய வழங்கிகள் சில அணைந்துபோன ஆண்டுகளைக் கடந்தும் அது எரிந்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் பெரிதன்று. எண்ணெய் ஊற்றுவோர் பலர் என்பதே அதன் வலிமை.

கூட்டுறவு மட்டும் போதுமா எனின், பொது நெறியும் வேண்டும். இதனைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கணினியில் தமிழ் புகுந்த காலத்தில் எழுத்துருக்குத் தனிக் குறியீடு, நிறுவனத்திற்குத் தனி விசைப்பலகை என்ற நிலை இருந்தது. கோலாலம்பூரில் ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரை சென்னையில் திறக்கப்பட்டபொழுது பொருளற்ற குறிகளின் குவியலாகக் காட்சியளித்தது. அவரவர் எழுத்துரு அவரவர்க்குச் சொந்தம், விடுதலை முழுமையாக இருந்தது, படிப்பார்தாம் இல்லை. இந்நாட்டின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியவர். அவர் போன்றோரும் சிங்கப்பூர், தமிழ்நாடு, ஈழம், ஐரோப்பா ஆகிய இடங்களின் அறிஞரும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. இறுதியில் யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு நிலைபெற்றது. அதன் பின்னரே இங்கே எழுதியது எங்கும் படிக்கத்தக்கதாயிற்று. பொது நெறிக்கு உட்படாத சிறு தளங்களை ஊருக்கு ஒன்றாகக் கட்டுவோர், எழுத்துருக் குழப்பத்தை மீண்டும் வரவழைப்போர் ஆவர்.

'மக்கள் எங்கே திரள்கின்றனரோ அங்கே அன்றோ எழுத்தாளன் செல்ல வேண்டும்? ஆளில்லாத மண்டபத்தில் யாருக்குப் பாடுவது?' என்பது வலிமை வாய்ந்த மறுப்பு. செல்லட்டும், தடுப்பார் யார்? உழவன் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகிறான். விதைநெல்லைச் சந்தையிலேயே கொட்டிவிட்டு வருவதில்லை. விழாச் செய்தி முகநூலில் பரவட்டும். அதன் மூலம், உரைகளின் முழுவடிவு, படங்கள், வருகைப் பதிவு ஆகியன சங்கத்தின் சொந்த வழங்கியில் முதலில் ஏறட்டும். பிறகு சந்தைக்குப் போகட்டும். இன்று நடப்பது இதன் தலைகீழ்.

செலவைக் காட்டி அஞ்சுவோர்க்கு ஒரு சொல். சில நூறு பேருக்கான வழங்கியின் மாத வாடகை, சங்க ஆண்டு விருந்தின் ஒரு மேசைச் செலவை எட்டுவதே அரிது. உண்மைச் செலவு உழைப்பே. இழிமொழியை நீக்குவது, படி எடுத்து வைப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது ஆகியவற்றை வாரந்தோறும் செய்ய ஆள் வேண்டும். அவருக்கு மாற்றாள் வேண்டும். சட்டத்தைக் காட்டி அஞ்சுவோரும் உளர். இந்நாட்டில் 80 இலட்சமும் அதற்கு மேலும் பயனர் கொண்ட சமூகத் தளங்களும் செய்திப் பரிமாற்றச் செயலிகளும் 2025 ஜனவரி முதல் நாள் தொட்டு உரிமம் பெற வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு தமிழ்ச் சங்கத்தின் வழங்கி அவ்வெல்லையை எட்டும் என்ற கவலை வேண்டா! எழுதியதற்குப் பொறுப்பேற்பது வேறு. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் சிறியோர்க்கும் பெரியோர்க்கும் பொதுவே.

தமிழ் நேசன் நாளேடு 1924இல் தோன்றி 2019இல் நின்றது. தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்த ஏடு நட்டத்தால் நின்றமை துயரமே. ஆயினும் அச்சான தாள்கள் நூலகங்களில் உள்ளன. ஆய்வு மாணவன் புரட்டுகிறான், தும்முகிறான், குறிப்பெடுக்கிறான். இன்றைய கவிஞன் முகநூலில் மட்டும் எழுதிய கவிதையை 2060இல் தேடப்போகும் மாணவனுக்கு அத்தும்மலும் வாய்க்காது.

சங்கங்கள் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டுகின்றன. பதிவகத்திற்குக் கணக்கு அனுப்புகின்றன. சொத்துப் பட்டியலில் இரும்பு அலமாரி உண்டு, நாற்காலிகள் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, குத்துவிளக்கும் உண்டு. சங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்று அப்பட்டியலில் தேடினால் கிடைப்பதில்லை. முன்னாள் செயலாளர் ஒருவரின் பழைய கைப்பேசியில் அது இருக்கக்கூடும். அவர் இப்பொழுது கிள்ளானிலிருந்து சிரம்பானுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.