சில்லறை இல்லைன்னா மிட்டாயா?

18 ரூபாய்க்கு ஏதோ வாங்கிட்டு 20 ரூபாய் நோட்டை நீட்டுறீங்க. கையில வர்றது ரெண்டு மிட்டாய். மறுநாள் அதே ரெண்டு மிட்டாயைக் கொடுத்து, "அண்ணே, 2 ரூபாய் கழிச்சுக்கோங்க"ன்னு சொல்லிப் பாருங்க. மேலும் கீழும் பார்ப்பார். ஆக, அது சில்லறை இல்லை. உங்ககிட்ட கேட்காமலே உங்க தலையில கட்டின சரக்கு.

நம்ம தாத்தா பாட்டி சின்னப் பிள்ளைகளா இருந்தப்ப ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. (கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, அரை, கால், அரைக்கால், வீசம்னு பாதி பாதியா வெட்டிக்கிட்டே போற அந்தக் கணக்கு நம்ம பைனரிக்குச் சொந்தக்காரன்தான்!) 1957 ஏப்ரல் 1-ல் நூறு காசு கணக்கு வந்தது. ஆனாலும் 25 காசு நாலணாவாகவும், 50 காசு எட்டணாவாகவும்தான் வாயில நின்னுச்சு. 2011 ஜூன் 30-லிருந்து நாலணா சட்டப்படியே செல்லாது. எட்டணா? இன்னைக்கும் செல்லும். 10 ரூபாய் வரைக்கும் எட்டணாவாகவே கொடுக்கலாம்னு 2011-ஆம் வருஷ நாணயச் சட்டம் சொல்லுது. எந்தக் கடையிலயாவது நீட்டிப் பாருங்க, தெரியும். அதைச் சாகடிச்சது அரசாங்கம் இல்லை, நாமதான்.

சின்னக் காசு போனா என்ன நஷ்டம்னு கேட்கலாம். விலை ஏறும்போது பாருங்க. 10 ரூபாய் டீ 11 ஆகாது. 12 ஆகும், அடுத்தது நேரா 15. ரவுண்டிங்னா ரெண்டு பக்கமும் போகணும்னு நாம படிச்சிருக்கோம். இங்க எப்பவும் மேல் பக்கம்தான். 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்ல வேற கதை: விலை அப்படியே நிக்கும், உள்ள இருக்கிறது இளைச்சுக்கிட்டே போகும்.

"போன்ல அனுப்பிட்டா முடிஞ்சது, 13 ரூபாய் 50 காசுகூட அனுப்பலாமே"ன்னு சொல்றீங்களா? சரிதான். உங்களுக்கும் எனக்கும் முடிஞ்சது. பஸ் ஸ்டாண்டில் கீரை விக்கிற பாட்டிக்கு முடியலையே. அவங்க வருமானமே காசாத்தான் வருது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்றது 10 ரூபாய் நாணயத்துலதான். "ரூபாய்க் குறி இல்லை, போலி"ங்கிறாங்க. அந்தக் குறியையே அரசு ஏத்துக்கிட்டது 2010-லதான். (வடிவமைச்ச உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர்.) அதுக்கு முன்னாடி அடிச்ச காசுல அது எப்படிங்க இருக்கும்? 14 வடிவங்கள் இருக்கு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவிச்சாச்சு. இருந்தும் ஒரு வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் படிச்சவங்களே மறுக்கிறாங்க. நாம மறுத்தா நமக்கு ஒரு டீ தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்தப் பாட்டிகிட்ட இருபது காசு தேங்கினா 200 ரூபாய். மறுநாள் கொள்முதலுக்கு அதை யார் வாங்குவா?

அதனால பாட்டி மீதியா 10 ரூபாய் நாணயம் கொடுத்தா, நோட்டு கேட்காம வாங்கிக்கோங்க. அதையே டீக்கடையில கொடுங்க. "செல்லாது தம்பி"ன்னு அவர் சொன்னா, அந்த 2010 கணக்கைப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிச்சிடலாம்.