துருவுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, நண்பர்களே!

பெசன்ட் நகர், அடையாறு, பட்டினப்பாக்கம் பக்கம் குடியிருந்துகிட்டு, லோன் போட்டு கார் வாங்கியிருக்கீங்களா? இல்ல, ஆசைப்பட்டு இசுசு வி-கிராஸ் மாதிரி பிக்கப்பா? அப்போ இது உங்களுக்குத்தான்.

"பம்பர் டு பம்பர் பாலிசி இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசியை எடுத்துப் படிங்க. நாள்பட்ட தேய்மானம் விலக்குப் பட்டியலில் இருக்கும். துருவும் அந்தக் கணக்குதான். ஜீரோ டெப் என்பது, விபத்து க்ளெய்மில் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது மட்டும்தான். ஆக, உப்புக்காத்து அரிச்சதுக்கு முழுச் செலவும் உங்க பாக்கெட்ல இருந்துதான்.

5 வருஷத்தில் ஐடிவி எப்படியும் பாதியாகிவிடும். விற்கும்போது அடியில் துரு தெரிஞ்சா, கிடைக்கிற விலை இன்னும் இறங்கும்.

என் கருத்து இதுதான்: பளபளப்புக்காக செராமிக் கோட்டிங் போடுறதுக்கு முன்னாடி அடிப்பாகத்தைக் கவனிங்க. உப்பு ஈரத்தை இழுக்கும். வீல் ஆர்ச், சேஸிஸ் இடுக்குகளில் தங்கிவிடும். மாசம் ரெண்டு தடவை அடிப்பாகத்தைக் கழுவ வைங்க. உப்புக் கரிக்கிற போர் தண்ணி மட்டும் வேண்டாம். கல் பட்டு பெயிண்ட் போன இடத்தில் உடனே டச்-அப் பண்ணுங்க. ஈரத்தோட கவர் போடாதீங்க. பிக்கப் என்றால், பின் தொட்டியில் தண்ணி தேங்க விடாதீங்க.

பெட்ரோல் மாதிரி இதையும் மாச பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதுங்க. இஎம்ஐ முடியுற அன்னிக்கு வண்டி நல்ல விலைக்குப் போகிற நிலையில் இருக்கணும், இல்லையா?