விதியா? ஏணியா?

பினாங்கில் டத்தோ கிராமாட் சாலை வழியே நடந்து செல்லும் நண்பர்கள், அங்குள்ள பழைய கடைவீடுகளின் மேல்மாடிச் சன்னல்களை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்களாக. வெயிலிலும் மழையிலும் நின்று வெளுத்த அச்சன்னல்களுக்கு அவ்வப்போது துடைப்பும் வேண்டும், சாயமும் வேண்டும். அவற்றைத் துடைக்கிறவன் எங்கே நின்று துடைக்கிறான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பண்டிகைக்கு முன் ஒரு நாள் அங்கு நான் கண்ட காட்சியைச் சொல்லுகிறேன். அஞ்சடித் தூணுக்கு மேலே ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. அதன் ஒரு கால் சாக்கடை மூடியின் மேலும், மறுகால் ஒரு செங்கல்லின் மேலும் நின்றன. உச்சிப் படியில் நம் தமிழ்ச் சகோதரர் ஒருவர், ஒரு கையால் சன்னற் கட்டையைப் பற்றிக்கொண்டு மறு கையால் சாயம் தீட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒரு சிறுவன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்துக்கொண்டிருந்தான் என்பதும் உபசார வார்த்தையே; அவன் கண்ணெல்லாம் சாலையில் பறக்கும் மோட்டார் சைக்கிள்களின் மேலேயே இருந்தது. கடைக்காரரை விசாரித்தேன். "பழகின ஆள்தான் ஐயா, ஆயுசு கெட்டியாயிருந்தால் ஒன்றும் ஆகாது" என்றார். அவரும் தமிழரே.

இந்தப் பதிலைக் குறித்தே இதை எழுதலானேன்.

ஆயுசின் மேல் இத்தனை நம்பிக்கையுள்ளவர் இரவில் தம் கடைக்கு மூன்று பூட்டுப் போடுவானேன்? சரக்கிற்குத் தீ இன்ஷூரன்ஸ் கட்டுவானேன்? சரக்கு தம்முடையது, உயிர் பிறருடையது. அதனால் ஒன்றிற்குப் பூட்டும் மற்றொன்றிற்கு விதியும் காவல் போலும். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. இதே பினாங்கில் வந்திறங்கி மலாயாத் தமிழரிடையே பகுத்தறிவைப் பேசிச் சென்றார். அதற்குப் பின் 90 வருஷங்களுக்கு மேல் கடந்தும், ஏணி சறுக்கினால் நாம் தேடுவது ஏணியின் காலையன்று, விழுந்தவனுடைய தலையெழுத்தையே. 12 அடி உயரத்திலிருந்து விழுகிறவன் ஒரு விநாடி முடியுமுன்னமே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறான். அவனுடைய ஜாதகத்தைத் தரை கேட்பதில்லை.

சாரம் கட்டத் தெரியாத ஜாதியா நாம்? தமிழ்நாட்டில் ஒரு கோபுரத்திற்குக் குடமுழுக்கு என்றால், அடியிலிருந்து கலசம் வரையில் சவுக்குக் கழியும் மூங்கிலும் கொண்டு சாரம் கட்டிச் சுற்றி வளைத்துவிடுகிறோம். சுதைப் பொம்மைக்கு வர்ணம் பூச அத்தனை ஏற்பாடு. மனிதன் வசிக்கும் வீட்டுச் சன்னலுக்கு வர்ணம் பூசுகிறவனுக்கோ ஒரு செங்கல்!

நிற்க. பழக்கம் என்னும் வாதத்தைப் பார்ப்போம். நம்மூர்க் கடைவீட்டின் மேல்மாடி அஞ்சடிக்கு மேலாக நீண்டு, தூண் வரிசையோடு வந்து நிற்பது. ஏணி நான்கு பங்கு உயர்ந்தால் அதன் அடி ஒரு பங்கு விலகி நிற்க வேண்டும் என்பது ஏணிக்குரிய விதி. விதி என்றால் இதுவன்றோ விதி! 16 அடி உயரத்திலுள்ள சன்னலுக்கு ஏணியின் கால் 4 அடி தள்ளி ஊன்ற வேண்டும். அந்த 4 அடியில் இருப்பவை சாக்கடையும் சாலையோரமுமே. ஆகவே ஏணியைச் செங்குத்தாக நிறுத்தினால் அது பின்னே சாய்கிறது. முறைப்படி சாய்த்தால் வண்டி வந்து இடிக்கிறது. இவ்விரண்டில் எதைப் பழக்கம் தடுக்கும்? இங்கிலாந்தில் உயர வேலைக்கென 2005-ஆம் வருஷத்தில் செய்த சட்டவிதிகள், ஏணியை அபாயம் குறைந்த சிறு வேலைக்கு மாத்திரமே விட்டிருக்கின்றன. ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் அதில் நிற்கலாகாது என்பது அங்குள்ள அதிகாரிகளின் யோசனை. பழைய சாயத்தைச் சுரண்டிப் புதுச் சாயம் தீட்ட ஒரு சன்னலுக்கு அரை மணி போதுமா என்பதைச் சாயக்காரரையே கேளுங்கள்.

பின் எதன் மேல் ஏறுவது? முதற் கேள்வி, ஏறத்தான் வேண்டுமா என்பது. கண்ணாடியைத் துடைப்பது மட்டுமே வேலையானால், தண்ணீர்க் குழாய் கோத்த நீண்ட கழித் துடைப்பத்தால் தரையில் நின்றே துடைக்கலாம். புதிதாகச் சன்னல் வைக்கிறவர் உட்புறம் திறக்கும்படி வைத்தால் வெளியே ஏறும் வேலையே ஒழிந்தது. வீட்டினுள் உள்ள உயரச் சன்னலுக்குச் சுற்றிலும் கைப்பிடியுள்ள மடக்கு மேடை போதும். வெளியே 12 அடி, 15 அடி என்றால் சக்கரம் வைத்த அலுமினியச் சாரமே தக்கது. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. வெளியில் நிறுத்தும் சாரத்தின் தட்டு, அதன் அடியின் குறுகிய பக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உயரக் கூடாது. 12 அடித் தட்டுக்கு 4 அடி அகலமாவது வேண்டும், இல்லையேல் பக்கவாட்டில் துணைக்கால்கள் மாட்ட வேண்டும். தட்டைச் சுற்றி இடுப்பளவு கம்பியும், நடுவே ஒரு கம்பியும், கருவிகள் கீழே போகிறவர் தலையில் விழாதபடி ஓரப் பலகையும் இருத்தல் அவசியம். ஏறுவது உட்புறமாக. சக்கரங்களைப் பூட்டிய பின்பே ஏறுவது. ஆள் மேலே இருக்கையில் தள்ளுவது கொலைக்குச் சமம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், ஆகையால் மேலே ஓடும் கம்பிகளைப் பார்த்தே நிறுத்த வேண்டும். இரண்டு தகரப் பீப்பாய்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதற்கும் சாரம் என்று பேர் வைப்பவர்களோடு நமக்குப் பேச்சில்லை. மூன்றாம் மாடிக்கு ஸ்கைலிஃப்ட் வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

சிக்கனம் என்றதும் முதலாளிமார் காது கொடுப்பார்கள். கிராணி வேலையில் பிறருடைய பற்று வரவை எழுதிப் பழகிய கை இது. ஒரு கணக்குப் போடுகிறேன். நல்ல சாரம் ஒன்று 3,000 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். ஒரே வரிசையிலுள்ள 10 கடைக்காரர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 300 வெள்ளி. 10 வருஷம் உழைத்தால் வருஷத்திற்கு 30 வெள்ளி. ஒரு கடையின் தேநீர்ச் செலவு இதைவிட அதிகம். மறுபக்கம் எழுத வேண்டிய தொகையும் உண்டு. 1994-ஆம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலைத் தலங்களுக்கும் அமுலில் இருக்கிறது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரையில் போகலாம். முன்னே அது 50,000 தான். "கண்டிராக்டிடம் விட்டுவிட்டேன்" என்று கைகழுவவும் வழியில்லை. தம் சொற்படி வேலை செய்யும் கண்டிராக்டருக்கும் அவர் ஆட்களுக்கும் வேலை கொடுத்தவரே பொறுப்பு.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உடனடியான அபாயம் உண்டென்று நியாயமாக நம்பினால், முதலாளிக்குச் சொல்லியும் அவர் கவனியாதபோது அவ்விடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமையுண்டு என்று அதே திருத்தம் சொல்லுகிறது. "நான் பயந்தவனல்ல" என்று மார்தட்டி உச்சிப்படி ஏறுவது வீரமன்று. அது உங்கள் கூலியில் முதலாளிக்கு நீங்கள் கொடுக்கும் தள்ளுபடி. தோட்டத்து நண்பர்களும் இதைப் பட்டணத்துக் கதை என்று தள்ள வேண்டாம். பங்களாவின் சன்னலைத் துடைக்க அனுப்பப்படுகிறவரும் நம்மவரே.

அச்சட்டத்தில் ஒரு குறையும் உண்டு: வீட்டு வேலைக்காரர்களை அது சேர்க்கவில்லை. சிங்கப்பூரில் வீட்டு வேலைப் பெண்கள் சிலர் அடுக்குமாடிச் சன்னல்களைத் துடைக்கையில் விழுந்து மாண்டனர். அதன்மேல் 2012 ஜூன் மாதம் அரசாங்கமே விதி செய்தது. தரைத்தள வீட்டையும் பொது நடைபாதையை நோக்கிய சன்னலையும் தவிர, மற்றச் சன்னல்களின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்வதானால், கம்பி வலை பூட்டியிருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருந்து மேற்பார்க்கவும் வேண்டும். ஹாங்காங்கிலோ 2017 முதல் அவர்களுடைய வேலை ஒப்பந்தத்திலேயே இதற்கென ஒரு ஷரத்து இருக்கிறது. இங்கே அப்படி ஒன்றைக் கேட்க நம் சங்கங்களுக்கு ஆண்டுவிழா நெருக்கடியில் அவகாசமில்லை.

மேற்கண்ட கணக்கை டத்தோ கிராமாட் கடைக்காரரிடமே மறுமுறை காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். 30 வெள்ளியைக் குறித்து ஆட்சேபம் சொல்லவில்லை. "சாரத்தை எங்கே வைப்பது?" என்று கேட்டார். கழற்றி மாட்டுவதுதானே, மாடிப்படியின் கீழே வைக்கலாமே என்றேன். அங்கே வெங்காய மூட்டை இருக்கிறதாம்.