தொழிலாளிக்குச் சங்கம் எதற்கு?

“எங்கள் கம்பெனி ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் சங்கம் எதற்கு?” என்று முதலாளிமார்கள் கேட்கின்றார்கள். ஏனாத்தூரிலும் காஞ்சீபுரத்தைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் கம்பெனி பஸ் ஏறிப் போகும் வாலிபர்களைப் பெற்றவர்களில் சிலரும், “கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, தலையில் எழுதினபடிதான் நடக்கும்” என்று அதற்கு ஒத்து ஊதுகின்றார்கள். ஆதலால் இதைப் பற்றிச் சிறிது யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

குடும்பமென்றால், மகன் ஒரு கேள்வி கேட்டதற்காகத் தகப்பன் சோற்றை நிறுத்திவிடுவானா? தனி ஒரு தொழிலாளி, “இயந்திரத்தின் வேகம் கைக்கு மீறியிருக்கிறது” என்றோ, “மேலதிகாரி மரியாதையின்றிப் பேசுகிறார்” என்றோ சொன்னால் அவனுக்குக் கிடைப்பதென்ன? முதலில் வேறு இடத்துக்கு மாற்றம். அப்புறம் விளக்கம் கேட்டுக் கடிதம். கடைசியில் வெளி வாசல். அதையே ஆயிரம் பேர் சேர்ந்து சொன்னால் குற்றம் கோரிக்கையாகிவிடுகின்றது. சங்கத்தின் ரகசியம் இவ்வளவேதான்.

இது நேற்று முளைத்த சங்கதியல்ல. 1918-ல் சென்னை பி அண்டு சி மில் தொழிலாளர்கள், சாப்பிடப் போதிய நேரமில்லாமலும் மேலதிகாரிகளின் கொடுமை தாங்கமாட்டாமலும், பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியவர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். மில்காரர்களோ பிறகு வாடியா முதலியோர் மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு வாங்கினார்கள். சங்கம் வைப்பதே குற்றமா என்று அதனால் கிளம்பிய கிளர்ச்சிதான் 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி செய்தது.

சட்டம் வந்து 98 வருஷங்களுக்குப் பின் நமது ஜில்லாவில் நடந்ததென்ன? சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டது வாஸ்தவமே. ஆனால் முக்கியமாகக் கேட்டது, தங்கள் சங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதே. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கக்கூடாதென்று ஆட்சேபணை கிளம்பிற்று. உழைப்பது அந்தப் பெயருக்காக. ஆனால் அந்தப் பெயரை உச்சரிக்கும் பாத்தியதை உழைத்தவனுக்கு இல்லையாம்! ஹைகோர்ட்டு வரை போன பிறகு, 2025 ஜனவரி 27-ல்தான் சங்கம் பதிவாயிற்று.

“வெளியார் ஏன் தலையிடுகிறார்கள்?” என்பது அடுத்த கேள்வி. முதலாளிகளுக்கு வர்த்தக சபைகள் இல்லையா? அவர்கள் கோர்ட்டுக்குப் போகையில் வக்கீல் வைப்பதில்லையா? அவர்கள் செய்தால் நிர்வாகம், தொழிலாளி செய்தால் கலகமா?

நிற்க, தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 1921-ம் வருஷத்து பி அண்டு சி வேலைநிறுத்தத்தில் ஜாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் பிளவுபட்டு, புளியந்தோப்பில் இரத்தம் சிந்தினார்கள். இலாபமடைந்தவர்கள் மில்காரர்களே. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சம்மதியாதவன் வேலைநிறுத்தத்தன்று மாத்திரம் “தோழரே” என்றழைத்தால் எவன் வருவான்? இன்றும் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒரு புது வருணாசிரமம் தொழிற்சாலைக்குள் நடக்கின்றது. ஒப்பந்தக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு நடத்தும் சங்கம் பாதிச் சங்கமே.

ஆகவே, கூலி மட்டுமல்ல, மானமும் கேட்பதற்கே சங்கம். பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஏனாத்தூர்ப் பெற்றோர்கள், “அடங்கியிரு” என்று சொல்லாமல், “எல்லோரையும் சேர்த்துக்கொண்டு கேள்” என்று சொல்லியனுப்ப வேண்டுமென்பதே நமது விண்ணப்பம்.