பட்டுக்கூடு எந்தக் கணக்கில்?

உயிரிப் பொருளாதாரம் என்ற சொல் அண்மைக் காலமாக அடிக்கடி அடிபடுகிறது. தடுப்பூசி, நொதிப்பொருள், கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எத்தனால் எல்லாம் இதில் அடக்கம். 2014இல் 1,000 கோடி டாலராக இருந்த இதன் மதிப்பு 2024இல் 16,570 கோடி டாலராகிவிட்டது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது 4.25 சதவீதம் என்கிறது 2025இல் வெளியான அரசு சார்பு அறிக்கை. மகிழ்ச்சிதான். ஆனால் எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்று கேட்க வேண்டாமா?

பெங்களூரில் வாழும் நமக்குத் தெரிந்த சரக்கையே எடுத்துக்கொள்வோம். ராமநகரம் சந்தையில் பட்டுக்கூடு ஏலம் போகிறது. அது நூலாகிறது, நூல் காஞ்சிபுரம் போய்ச் சேலையாகிறது. ஒரு பேச்சுக்கு, கூடு 100 ரூபாய், நூல் 140, சேலை 300 என்று வைத்துக்கொள்வோம். மூன்று விற்பனையையும் கூட்டினால் 540. ஆனால் உற்பத்தியான மதிப்பு 300தான். கூட்டின் விலை நூலிலும், நூலின் விலை சேலையிலும் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தி இந்த 300ஐத்தான் எண்ணும். விற்பனைத் தொகைகளைக் கூட்டி, அதை நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்டு இத்தனை சதவீதம் என்று யார் சொன்னாலும், கணக்கு எழுதும் எந்தக் குமாஸ்தாவும் லெட்ஜரை மூடிவிட்டுச் சிரிப்பார்.

எல்லை எது என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மையம் வயல், காடு, மீன், உணவுத் தொழில் அனைத்தையும் சேர்க்கிறது. துணியில்கூட இயற்கை இழையின் பங்கை மட்டும் பிரித்து எடுக்கிறது. நம் நாட்டிலோ வேளாண்மை, காடு, மீன்பிடிப்பு இவையே மொத்த மதிப்பில் சுமார் 18 சதவீதம். அப்படியானால் 4.25க்குள் உழவர் பெரும்பாலும் இல்லை என்பது தெளிவு. இரவில் எழுந்து புழுவுக்கு மல்பெரி இலை போடும் குடும்பம் எந்தப் பக்கம்?

இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பயோ-இ3 கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. சலுகையும் கடனும் கணக்கில் பெயர் உள்ளவரைத் தேடித்தான் போகும். விடுபட்டவர் மனு எழுதிக்கொண்டு நிற்பார்.

சுற்றுலாவுக்கு நம் நாட்டிலேயே தனித் துணைக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. ஓட்டல், ரயில் கட்டணம் என்று சிதறிக் கிடந்ததைப் பிரித்து எடுத்தார்கள். இதற்கும் அது முடியாததல்ல. 2030இல் 30,000 கோடி டாலர் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே புள்ளிவிவர அமைச்சகம் இந்த ஏட்டைத் திறக்கட்டும். கூட்டிய மதிப்பு எவ்வளவு என்பதற்குப் பக்கத்தில், எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு கூலி என்பதற்கும் இரண்டு பத்திகள் ஒதுக்கட்டும்.