காளானுக்கு முதல் அதன் பெயரைக் காப்பாற்றுவோம்

மாரி தொடங்கினால் புற்றில காளான் முளைக்குதோ இல்லையோ, போன் திரையில காளான் வீடியோ முளைச்சிடும். கண்டதைப் பிடுங்கு, கழுவு, பையில போட்டு பிறீசருக்குள்ள தள்ளு, வருசம் முழுக்கச் சமை. இதுதான் அவையின்ர பாடம். இந்தப் பாடம் பிழை எண்டு நாங்கள் சொல்லுகிறோம்.

முதலில் சமையல் கணக்கிலேயே பிழை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பச்சையாக உறையவிட்டால் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகிக் கலங்களைக் கிழிக்கும். வெளியில எடுத்தால் சொதசொதப்புத்தான் மிச்சம். ஆவியில் 3 முதல் 5 நிமிடம் அவித்து, அல்லது எண்ணெயில் தண்ணீர் வற்ற வதக்கி, ஆறவிட்டு, ஒரு கறிக்கு அளவாகப் பிரித்து வைக்க வேணும். இது எங்களுக்குப் புதிசோ? பனங்கிழங்கை அவிச்சுக் காயவைச்சுப் புழுக்கொடியலாக்கின சனம் நாங்கள்.

பிறீசரையே முழுசாக நம்பவும் ஏலாது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை மறந்திட்டமோ? மெல்லிசாகச் சீவி, வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ ஒடித்தால் முறியும் வரைக்கும் காயவைத்து, இறுக்கமான போத்தலில் போட்டால் கரண்டே தேவையில்லை. ஆனால் எண்ணெயில் ஊறப்போட்டு அடைத்து வெளியில வைக்காதேங்கோ. காற்றுப் புகாத அந்தப் போத்தலுக்குள் பொட்டுலிசம் நஞ்சு உருவாகலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய பிழை, எந்தக் காளான் எண்ட கேள்வியை விழுங்கிவிடுவது. உயிரெடுக்கும் காளான்களில் இருக்கும் அமற்றொக்சின் குளிருக்கும் அழியாது, கொதிக்கும் அழியாது, காயவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பிறகு சுகமான மாதிரி இருக்கும். அதற்குள் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். மஞ்சள் போட்டுப் பார்க்கிறது, வெள்ளிக் கரண்டி கறுக்குதோ எண்டு பார்க்கிறது, பூச்சி தின்றால் நல்லது எண்டு நம்புறது எல்லாம் வெறும் கதை. காளானை அடையாளம் காட்டுவது குடையின் அடிமடிப்பும், தண்டு வளையமும், மண்ணுக்குள் இருக்கும் அடிப்பாகமும்தான். வெட்டி உறைந்த பையில் இவை ஒன்றும் மிஞ்சாது. ஆறு மாதம் கழித்து அந்தப் பையைத் திறக்கிற தங்கச்சிக்கு என்ன தெரியும்?

அந்த அறிவு இருப்பது எங்கட ஊர்ப் பெரியாக்களிடம். எந்தப் புற்றில, எந்த மழைக்குப் பிறகு, எது வரும் எண்டு அவைக்குத் தெரியும். இடம்பெயர்வும் நகரமும் எங்களை அந்தப் புற்றடியிலிருந்து பிரித்துவிட்டன. புற்றுக்காளான் கறையானோடு சேர்ந்து வாழுறது. புற்றை இடித்துக் காணி துப்புரவாக்கினால் காளானும் போகும், அதை அறிந்த சொல்லும் போகும்.

ஆகவே தெரிஞ்ச ஒராள் கூட வராமல் பிடுங்காதேங்கோ. சந்தேகமானதை வீட்டுக்குக் கொண்டுவராதேங்கோ. பையில பெயர், இடம், திகதி எழுதுங்கோ. எல்லாத்துக்கும் முதல் அம்மம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கோ. அவ சொல்லுறதைப் பிறகு எந்தப் பிறீசரிலும் தேடி எடுக்க ஏலாது.